பெயிண்ட் கடைசி வேலை



வெள்ளறடை, பனச்சமூடு தாண்டி அம்பூரிக்கும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆறுகாணிக்கும் பத்துகாணிக்கும் ஏறும் வழிகளில் தார் முடிகிற இடத்தில் ஜீப்பின் ஆட்சி தொடங்கும். ரப்பர் ஷீட்டு, வாழைக்குலை, மரச்சீனி மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், பேறுகாலத்துப் பெண் என்று எதையும் அது ஏற்றியது. பிறகு பல சாலைகளுக்குத் தார் வந்தது; ஆட்டோவும் பிக்கப்பும் வந்தன. ஜீப்புகள் விளையோரத்துக் கொட்டகைகளில் ஒதுங்கின. அவற்றைத் தேடி இப்போது ஒரு புதிய தலைமுறை வருகிறது. வண்டியை வாங்கி, வீட்டுக்கு இழுத்து வந்து, தானே சரிசெய்து ஓட்டவேண்டும் என்கிற ஆசை அதற்கு.

ஆசையில் குறையில்லை. வேலையின் வரிசையில்தான் குறை. பெரும்பாலானோர் அகலமான டயரில் தொடங்கி, பெயிண்டுக்குப் போய், அப்புறம் எஞ்சினைத் திறந்து, கடைசியில் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். பழைய ஜீப்புக்கு உகந்த வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் காகிதம், அடுத்து சேஸ், அதன்பின் பிரேக்கும் ஸ்டியரிங்கும், அப்புறம் எஞ்சின், எல்லாவற்றுக்கும் பிறகு பெயிண்ட். இன்றைய பேச்சு இந்த வரிசையைப் பற்றியது.

வண்டி வந்த வழி

வீட்டில் வைத்து ஒரு வாகனத்தைக் கழற்றிப் பூட்ட முடிகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். ஜீப்பைப் பொறுத்தவரை அந்தக் காரணம் போர்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஒரு விவரப் பட்டியலை அனுப்பியது. எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற சிறு வண்டி வேண்டும். மாதிரி 49 நாளில் கைக்கு வரவேண்டும். பான்டம் என்ற சிறிய நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 23இல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெரிய ஒப்பந்தம் கிடைத்ததோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் அந்த இரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தவேண்டும், சேற்றில் நின்றுகொண்டே ஒரு சிப்பாய் அதைக் கழற்றவேண்டும் என்பது ராணுவத்தின் தேவை. அதனால்தான் ஏணி வடிவச் சேஸ், பட்டை ஸ்பிரிங், நட்டும் போல்ட்டுமாக இணைந்த பாடி, எதையும் ஒளித்துவைக்காத எஞ்சின் அறை. அன்று அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்த வசதி இன்று நம் முற்றத்துக்கும் கிடைக்கிறது.

இந்தியாவில் இந்த வண்டி நிலைபெற்றது மகிந்திரா வழியாக. 1945இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து, மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார். நிறுவனம் 1948இல் பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்பைப் பகுதி பகுதியாக இறக்குமதி செய்து மும்பையில் பொருத்தினார்கள். 1950களில் உள்நாட்டு உற்பத்தி தொடங்கியது. 1953இல் வில்லிஸ் வெளியிட்ட சிஜே 3பி என்ற உயர்ந்த பானெட் வண்டியே பல பத்தாண்டுகள் இந்திய ஜீப்பின் முகமாக இருந்தது. பானெட் உயர்ந்ததற்குக் காரணம் அழகு அல்ல. அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் வால்வுகள் மேலே ஹெட்டுக்கு ஏறியதால் எஞ்சின் உயரம் கூடியது; அதை மூட பானெட்டும் உயர்ந்தது.

பின்னாளில் பெட்ரோல் விலை டீசலை அழைத்து வந்தது. இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சின்கள் ஒரு பக்கம். பிரான்சின் பெஷோ உரிமத்தில் வந்த எக்ஸ்டிபி 4.90 மறுபக்கம். நம் பக்கத்தில் மகிந்திரா எம்எம் 540 வைத்திருப்பவர்கள் பலருக்குப் பழக்கமான எஞ்சின் இந்த இரண்டாவது வகை: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர், 2,112 சிசி. கூடவே 1985 டிசம்பரில் மாருதி ஜிப்சி வந்தது. முதலில் 970 சிசி, 1996 முதல் 1.3 லிட்டர், தனியாருக்கான விற்பனை 2019 வாக்கில் நின்றது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் 1999 வரை கட்டிய, நிஸான் பேட்ரோல் வழிவந்த ஜோங்காவும் முன்பு அவ்வப்போது ஏலத்தில் தலைகாட்டியதுண்டு. இந்த மூன்று குடும்பங்களுக்குள்தான் நம் வட்டாரத்துப் பழைய ஃபோர் வீல் வண்டிகள் பெரும்பாலும் அடங்கும்.

பல பத்தாண்டுகள் ஒரே அடிப்படை வடிவத்தைக் கட்டியதால் பாகங்களுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்காதது கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ கிடைக்கும்.

முதலில் காகிதம்

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பகுதி மற்ற ஊர்க்காரர்களைவிட முக்கியம். பாறசாலை அலுவலகப் பதிவு கேஎல் 19, நெய்யாற்றின்கரை கேஎல் 20. களியக்காவிளையைத் தாண்டினால் மார்த்தாண்டத்தின் டிஎன் 75. மாமன் வீட்டிலிருந்து வண்டியை ஓட்டிவர அரை மணி நேரம் போதும். சட்டப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதிய பதிவெண் வாங்கவேண்டும். அதற்கு முதலில் அங்கிருந்து தடையில்லாச் சான்று வரவேண்டும். அப்புறம் இங்கே வரி கட்டவேண்டும்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கிறார்கள். மத்திய விதிப்படி காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி இதற்கு மேல். வண்டியின் விலையைப் பேசும்போதே இந்தத் தொகையையும் கூட்டிப் பார்ப்பவர் பிறகு வருந்தமாட்டார்.

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அடுத்த வேலை. எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுக்கலாம். எண் மங்கியிருந்தாலோ, அதன்மேல் வெல்டிங் தடம் இருந்தாலோ, பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் ஜீப் கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போனவை. புதிய தகட்டில் புதிதாக எழுப்பிய பாடி பளபளக்கும். கட்டியது எந்த ஊராக இருந்தாலும், ஆர்.சி. சொல்லும் மாடலும் கண்முன் நிற்கும் வண்டியும் வேறுவேறாக இருந்தால் அது சாலைக்கு வரமுடியாது.

இதை உறுதிசெய்த தீர்ப்பே கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் வந்ததுதான். 2019 ஜனவரி 9இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். நிறம் மாற்றுவது, சிறு பொருத்துகள் சேர்ப்பது போன்றவை இதில் சேரா. எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றியபின் பதிவுச் சான்றில் ஏற்றவேண்டும். எனவே ‘அசல் அமைப்புக்குத் திருப்புவது’ என்பது வெறும் ரசனை இல்லை. சட்டம் கேட்பதும் அதைத்தான். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், வேறு குடும்பத்து எஞ்சின் ஆகியவற்றில் பணத்தைப் போட்டுவிட்டு, தகுதிச் சோதனைக்கு முன் அவற்றையெல்லாம் கழற்றுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.

இன்னும் இரண்டு விதிகள். மத்திய, மாநில அரசுகளின் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குப் போகவேண்டும். பழைய இலாகா ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலம் முடிந்தது. இரண்டாவது, 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. 50 ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு. முதல் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சிக்குப் போகிறவருக்கு அது பொருந்தும். விளைக்குப் போய் ரப்பர் பால் எடுத்து வருகிறவருக்கு சாதாரணப் பதிவே வழி.

தண்ணீர் தேடும் இடங்கள்

காகிதம் தேறியாயிற்று. இனி வண்டிக்கு அடியில் படுக்கவேண்டும்.

நம் பகுதிக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மேற்கே பூவார், பொழியூர் கடல், உப்புக் காற்று. கிழக்கே ரப்பர் விளைகள். அங்கே பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட். ஷீட்டும் பாலும் ஏற்றிய ஜீப்பின் பின்தளத்தில் இந்த ஆசிட் சொட்டி, தகட்டைக் கீழிருந்தும் மேலிருந்தும் தின்றிருக்கும். இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. உப்பும் ஆசிடும் அதை விரைவுபடுத்துகின்றன. ஆகவே துருவை வண்டி முழுக்கத் தேடவேண்டியதில்லை, தண்ணீர் எங்கே தங்கும் என்று யோசித்தால் போதும். தரை விரிப்புக்கு அடி, பாடியும் சேஸும் சந்திக்கும் ரப்பர் கட்டைகள், ஸ்பிரிங் தொங்கும் ஹேங்கர்கள், பேட்டரித் தட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிமூலை, பழைய வில்லிஸ் அமைப்பில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே டேங்க் உட்காரும் குழி என்று பட்டியல் நீளும்.

சேஸைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போகவேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே ஏடு ஏடாகத் துரு. பெட்டி வடிவப் பகுதிக்குள் சேறு அடைந்து கிடந்தால் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்கு காயவிட்டு, அதன்பிறகே மருந்து.

சிறிய பாகங்களை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறப்போட்டால் துரு கழன்றுவிடும். பேட்டரி சார்ஜரும் வாஷிங் சோடாவும் கொண்டு மின்பகுப்பு முறையில் எடுப்பவர்களும் உண்டு. அதில் இரண்டு எச்சரிக்கைகள்: ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில்தான் செய்யவேண்டும், நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும். சேஸுக்குக் கம்பி பிரஷும் கிரைண்டரும், பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருமாற்றியும், அதன்மேல் எபாக்ஸி பிரைமரும். ரெட் ஆக்ஸைடை மட்டும் அடித்து விட்டுவிட்டால் ஈரம் அதைக் கடந்துவிடும், மேற்பூச்சு கட்டாயம்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி போட்டு மூடுவது நம் ஊர்களில் பழகிப்போன தவறு. தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைப்பதே மருத்துவம். துருமேல் தார்ப்பூச்சு அடிப்பதும் அப்படியே, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். கழிவு எஞ்சின் ஆயிலை அடிப்பாகத்தில் தடவும் வழக்கம் ரப்பர் புஷ்களை ஊதிப்போகச் செய்வதோடு, முதல் மழையிலேயே மண்ணுக்குப் போகிறது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊரில் இது விளையாட்டல்ல. கழிவு ஆயில் சட்டப்படி ஆபத்தான கழிவு. கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைக்கவேண்டும்.

வேறு நாட்டுப் பாடம் ஒன்றும் இங்கே உதவும். 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவருக்கு, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால், அலுமினியக் கலவையில் பாடி கட்டினார்கள். பாடிக்குத் துரு கிடையாது. ஆனால் சேஸ் எஃகுதான். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் நேரடியாகத் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு. வெளித்தோற்றம் புத்தம்புதிதாக இருக்க, கீழே சேஸ் உதிர்ந்துகொண்டிருந்த லேண்ட் ரோவர்கள் உலகம் முழுக்க உண்டு. பாடியைப் பார்த்து விலை சொல்லாதே என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நிற்கிற வண்டிதான் ஓடவேண்டும்

பழைய ஜீப்பின் பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சேறு தெறிக்கிற இடத்தில். ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தாலும் நான்கும் போய்விடும். டாட் 3 பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கவேண்டிய அந்த ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரி வாக்கிலேயே கொதிக்கலாம். அம்பூரி இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வருபவருக்கு அந்த இடைவெளி என்னவென்று காலில் தெரியும். ஈரம் சிலிண்டர்களின் உள்சுவரையும் குழி விழச்செய்யும். ஆகவே பல காலம் நின்ற வண்டி என்றால் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் கிட் அனைத்தையும் மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, நனைத்துத் துடைக்கவேண்டும்.

கை பிரேக் பற்றி ஒன்று. வில்லிஸ் வழி ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று தரையிலிருக்கும் சக்கரத்தை உருளவிடும். கை பிரேக் இழுத்தே இருந்தாலும் வண்டி நகரும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கி போடாதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

அடுத்தது ஸ்டியரிங். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தாற்போல் ஆடும் நோய் பலருக்கும் பழக்கம். உடனே ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். ஆட்டம் சில காலம் அடங்கும். நோய் அங்கேயே இருக்கும். காரணம் பெரும்பாலும் முன் ஆக்சிலின் நக்கிளில், கிங்பின் பேரிங் தளர்ந்திருப்பது. அதன் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து அமைப்பார்கள். சுருள்வில் தராசை நக்கிள் கையில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அது அசையத் தொடங்குகிறது என்று பார்த்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடவேண்டும். கூடவே டை ராட் எண்டு, வீல் பேரிங், ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ், டயர் பேலன்ஸ். ஜிப்சியில் இன்னொரு பழக்கமான குறை உண்டு. உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்த தடம் தெரிந்தால் அதுதான்.

தாழ்ந்துபோன ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் குளிர்நிலையிலேயே அடித்து வளைவு கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். காஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் எஃகின் பதம் போய்விடும். ஒரு பருவத்துக்குள் மீண்டும் தாழும், அல்லது முறியும்.

எஞ்சினும் எத்தனாலும்

எஞ்சினைத் திறப்பதற்கு முன் அளந்து பார்க்கவேண்டும். கம்ப்ரஷன் கேஜ் ஒன்று இருந்தால் நான்கு சிலிண்டரின் நிலையும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ‘எதற்கும் ஒரு போரிங் போட்டுவிடலாம்’ என்ற யோசனைக்கு இடம் தரவேண்டாம். அசலாக உள்ள எஞ்சினை அவசரமாகப் பிரிப்பது, இல்லாத நோய்க்கு அறுவை செய்வது போன்றது.

பெஷோ டீசல், முன்னறையில் டீசலை எரிக்கும் வகை. காலையில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் வேண்டும். காலையில் திணறி, ஒருமுறை பிடித்தபின் ஒழுங்காக ஓடினால் முதல் சந்தேகம் பிளக்மேலும் அதற்குப் போகும் வயர்மேலும். டீசல் ஃபில்டர் மாற்றியபின் ஹேண்ட் பம்ப் அடித்து, பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, காற்றுக் குமிழ் நிற்கும்வரை விடவேண்டும். எஞ்சின் சுழலும்போது இன்ஜெக்டர் பைப்பின் கசிவைக் கை வைத்துத் தேடக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குப் புதிய கவலை எத்தனால். 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊதும், விரியும், கசியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் கூடினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கி இரும்பை அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புதிய டயஃப்ரம், அடிக்கடி ஓட்டுவது ஆகிய மூன்றும் இதற்குப் பதில். துருப்பிடித்த டேங்கில் ஓட்டை அடைக்க நேரடியாக வெல்டிங் வைக்கவேண்டாம். காலி டேங்கில் எஞ்சிய ஆவி வெடிக்கும்.

கியர் ஆயிலில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உள்ளது. ஜிஎல் 5 தர ஆயிலின் கந்தகச் சேர்ப்புகள் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல் 4 என்று சொன்னால் அதையே ஊற்றவேண்டும். விலை கூடியது எல்லா இடத்துக்கும் நல்லது என்று இல்லை.

நான்கு சக்கரம் எப்போது

பெயிண்டுக்கு வருமுன் ஓட்டும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஷாஃப்டும் கியரும் முறுக்கேறும், யுனிவர்சல் கிராஸ் முறியும். தேசிய நெடுஞ்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது வலிமை அல்ல, தேய்மானம். அதேசமயம், மாதம் ஒருமுறையாவது விளைக்குள்ளோ மண்பாதையிலோ லிவரைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டவேண்டும். பயன்படாத டிரான்ஸ்ஃபர் கேஸில் சீல் காய்ந்துபோகும், லிவர் இறுகிவிடும்.

பயன்பாடுதான் பழைய வண்டியைக் காப்பாற்றுகிறது என்பதற்கு டார்ஜிலிங் மலையில் நல்ல சாட்சி இருக்கிறது. மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் 31 கிலோமீட்டர் பாதையில், 1950களின் லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடின. தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுப்போன வண்டிகள் அவை. பலவற்றின் வயிற்றில் மகிந்திரா டீசல் எஞ்சின். அருங்காட்சியகப் பார்வையில் அவை தூய்மையானவை அல்ல. ஆனால் ஓட்டுநரே மெக்கானிக்காக இருந்ததால், எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் தினமும் அவற்றில் உட்கார்ந்திருந்தார். மலேசியாவின் கேமரன் மலையிலும் பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறி சுமந்தே நீண்டகாலம் பிழைத்தன.

மழையை ஒட்டிய கணக்கு

நம் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட மழைக் கணக்கு பொருத்தம். மே மாதத்தில், இடவப்பாதிக்கு முன், அடிப்பாகம் கழுவிக் காயவைத்து மேற்பூச்சைச் சரிபார்த்தல், வைப்பர், வயரிங் இணைப்புகள், பிரேக். செப்டம்பர் கடைசியில், இரண்டு மழைக்கும் இடைப்பட்ட வெயிலில், எல்லா கிரீஸ் நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடித்தல். டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்து நிறம் பார்த்தல். பால்நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிசம்பரில் ரேடியேட்டர், கூலன்ட், பேட்டரி. நெய்யாற்றுக் கடவிலோ சானலிலோ ஆக்சில் முங்க இறக்கியிருந்தால் மாதம் பார்க்காமல் அந்த வாரமே ஹப் பேரிங்கைத் திறந்து பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் முடிந்தபின் பெயிண்டுக்கு வரலாம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே அதற்கு ஏற்றவை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்த பெயிண்ட் வெளுத்துப்போகும். சேஸ் எண்ணின்மேல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றுங்கள்.

கடைசியாக ஆட்களைப் பற்றி. கிங்பின் ஷிம்மைக் கை உணர்விலேயே அமைக்கத் தெரிந்த ஆசான்மார்கள் இந்த வட்டாரத்தில் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள அளவுகள் எங்கும் எழுதப்படவில்லை. தனுவச்சபுரத்தில் ஐ.டி.ஐ. இருக்கிறது, மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். வீட்டில் ஜீப் வைத்திருப்பவர்கள் வேலை நடக்கும் நாளில் அந்த இருவரையும் ஒரே முற்றத்தில் உட்காரவைக்கலாம். ஆசான் ஷிம் போடட்டும், பிள்ளை அதன் கனத்தை அளந்து நோட்டில் எழுதட்டும். எந்த மாடல், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், தராசு காட்டியது எவ்வளவு என்ற நான்கு விவரம் போதும். இங்கே வந்திருக்கும் பட்டறைக்காரர்களில் யாராவது அப்படி ஒரு நோட்டு ஏற்கெனவே வைத்திருந்தால், கேள்வி நேரத்தில் அதைப் பற்றி முதலில் பேசட்டும்.